சைகோன் பணம் நின்னுபோன வருசங்கள்: யுத்த காலத்து பாண்டி போர்டிங் பசங்க, நட்பா போட்டியா?

கெடிலக்கரை:

பாண்டி, கடலூர் பழைய போர்டிங் ஸ்கூல் பத்தி இங்க நிறைய பேர் எழுதியிருக்கீங்க. கட்டடம் எப்ப கட்டுனது, எந்த சாமியார் ஹெட்மாஸ்டரா இருந்தாரு, எந்த பெரிய ஆளு அங்க படிச்சாரு, எல்லாம் படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது உலக யுத்தம் நடந்தப்ப அந்த டார்மெட்டரிக்குள்ள படுத்துக் கெடந்த பசங்க எப்படி இருந்தாங்கன்னு பேச்சே காணோம். எங்க தாத்தா அதுல ஒருத்தரு. உங்க வீட்லயும் யாராவது இருந்திருந்தா எழுதுங்க.

தாத்தாவோட அப்பா சைகோன்ல (இப்ப வியட்நாம், அப்ப பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்தோசீனா) கஸ்டம்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அம்மா முன்னாடியே தவறிட்டாங்க, ஊர்ல பாகூர்ல வயசான ஆயா ஒருத்தங்கதான். அதனால பையன கப்பல் ஏத்தி பாண்டிக்கு அனுப்பி போர்டிங்ல சேத்துட்டாரு. அப்ப சைகோன்காரங்க நிறைய பேர் இப்படித்தான் பண்ணாங்க. அங்கிருந்து பணம் வரும், கூடவே லெட்டர் வரும், பட்டுத்துணி ஏதாவது வரும். ஹாஸ்டல்ல சைகோன் பசங்கன்னா தனி மவுசு.

1940 ஜூன்ல பிரான்ஸ் ஜெர்மன்காரன்கிட்ட விழுந்துடுச்சு. பாண்டி கவர்னர் போன்வேன், ஜெர்மனிய எதிர்த்து நின்ன ஜெனரல் தெ கோல் பக்கம் நின்னாரு, செப்டம்பர்ல பிரெஞ்சிந்தியா மொத்தமும் அந்தப் பக்கம் வந்துச்சு. சைகோன்ல அட்மிரல் தெகூ ஆட்சி, அவரு ஜெர்மன்காரனுக்குப் பணிஞ்சு போன விஷி சர்க்கார் பக்கம். யோசிச்சுப் பாருங்க, அப்பாவும் மகனும் ஒரே பிரெஞ்சுக் கொடிக்குக் கீழ இருந்தவங்க, ஒரே வருசத்துல எதிரெதிர் பக்கம் ஆயிட்டாங்க, ரெண்டு பேரையும் யாரும் கேக்கல. 1941 ஜூலைல ஜப்பான்காரன் சைகோனுக்குள்ளயே வந்துட்டான், அந்த டிசம்பர்ல யுத்தத்துல எறங்குனதும் கப்பலும் போச்சு, தபாலும் போச்சு, பணமும் போச்சு. தாத்தாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு.

கிளாஸ்ல அவருக்குப் போட்டி ஒரே ஆளு, கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பையன். நாங்க அவர ஓ.டி. தாத்தான்னுதான் கூப்புடுவோம். அவங்க வீட்ல மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி, பாண்டி கப்பல் கம்பெனிங்களோட ஏவாரம், பிரெஞ்சுல லெட்டர் எழுதத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு வீட்ல வேணும்னு இங்க கொண்டாந்து சேத்தாங்க. ரேங்க் போர்டுல இந்த மாசம் இவரு மேல, அடுத்த மாசம் அவரு மேல. இப்படியே வருசக்கணக்கா ஓடியிருக்கு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன். 1943 பரிசு நாள்ல ரெண்டு பேரும் சரிசமம். பிரான்ஸ்ல இருந்து புது புக் எதுவும் வர வழியில்ல, அதனால ஸ்கூல் அலமாரில இருந்த பழைய லரூஸ்ங்கற பிரெஞ்சு அகராதி ஒண்ண எடுத்து ரெண்டு பேருக்கும் சேத்து குடுத்துட்டாங்க. அதுக்கு ஏற்கெனவே முதுகு விட்டுப் போயிருந்துச்சு. லரூஸ் பாத்தவங்களுக்குத் தெரியும், முன்பாதி பூரா வார்த்தைங்க, பின்பாதில ஊரு பேரு, ஆளுங்க பேரு, சரித்திரம், ரெண்டுக்கும் நடுவுல ரோஸ் கலர் தாள்ல லத்தீன் பழமொழிங்க. வாத்தியார் அத ரெண்டா பிரிச்சு வார்த்தைய தாத்தாகிட்டயும் பேருங்கள அவருகிட்டயும் குடுத்தாரு. அந்த ரோஸ் பக்கம் யாருக்குன்னு ரெண்டு நாள் பேசாம இருந்திருக்காங்க! அப்பறம் ஒருத்தருக்கு ஒரு வார்த்தை வேணும்னா இன்னொருத்தர் கட்டிலுக்குத்தான் போவணும். போவாங்க, வாங்கிப் பாப்பாங்க, திட்டிக்கினே திருப்பிக் குடுப்பாங்க.

1944ல பிரெவேங்கற பிரெஞ்சு ஸ்கூல் பரிட்சை. பூகோளம் பேப்பருக்கு மொத நாள் ராத்திரி ஓ.டி. பையன் தன்னோட பாதிய ஒளிச்சு வச்சுட்டாரு. எங்க போச்சுன்னு தெரியலன்னு சொல்லிட்டாரு. பேப்பர்ல தாத்தாவுக்கு ரெண்டு கேள்வி போச்சு, மொதல் எடம் ஓ.டி. பையனுக்குப் போச்சு. எங்க வீட்ல பாதிப் பேர் இத துரோகம்னு சொல்றாங்க. நான் அப்படி நெனைக்கல. அதுக்கு மேல நடந்தத சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு கேக்கணும்.

முத்தியால்பேட்டை:

தம்பி, அருமையான இழை. எங்களுதும் சைகோன் குடும்பம்தான், எங்க தாத்தா சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துக்காரர்), ரிட்டையர் ஆகி வந்து முத்தியால்பேட்டைல வீடு கட்டுனவரு. வெளியூர்க்காரங்களுக்காக ஒண்ணு சேத்துக்கறேன். 1881ல ஒரு சட்டம் வந்துச்சு, தன்னோட பரம்பரை சாதி, மத வழக்கச் சட்டம் வேணாம்னு எழுதிக் குடுத்து குடும்பப் பேரு ஒண்ணு வச்சுக்கிட்டா பிரெஞ்சுக்காரனுக்குள்ள சிவில் சட்டம் உனக்கும்னு. அப்படி எழுதிக் குடுத்தவங்கதான் பெரும்பாலும் இந்தோசீனாவுக்குப் போனாங்க, கஸ்டம்ஸ், போலீஸ், கோர்ட்டு, தபால், ஜெயில்னு உத்தியோகம். அந்த சம்பளத்துலதான் பாண்டில எத்தன வீடு எழும்புச்சு, எத்தன புள்ளைங்க போர்டிங்ல படிச்சுச்சு.

தம்பி சைகோன் கதைய 1941ல நிறுத்திட்டாரு. மோசமானது அப்பறம்தான். 1945 மார்ச் 9 ராத்திரி ஜப்பான்காரன் தெகூவையே தூக்கிட்டு பிரெஞ்சு ராணுவத்தையும் ஆபீசருங்களையும் புடிச்சு அடைச்சான். பாண்டில இருந்தவங்களுக்கு யாரு உசுரோட இருக்கா, யாரு கேம்ப்ல இருக்கா, ஒண்ணும் தெரியாது. எங்க பெரியத்த சொல்லும், கடற்கரைல பழைய கப்பல் பாலம் இருந்துச்சே, 1952 புயல்ல போச்சே, அதுமேல போயி சாயந்தரமான சும்மா நிப்பாங்களாம் சைகோன்காரங்க வீட்டுப் பொம்பளைங்க, கப்பல் வராதுன்னு தெரிஞ்சும்.

ஒளிச்சு வச்சத பத்தி கேட்டா, பசங்கதான், பெருசா எடுத்துக்க வேணாம்ங்கறதுதான் என் கருத்து.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

முத்தியால்பேட்டை சார், மன்னிக்கணும், பெருசாத்தான் எடுத்துக்கணும். நான் கடலூர்ல முப்பது வருசத்துக்கு மேல டீச்சரா இருந்தவ, ஹாஸ்டல் பொறுப்பும் பாத்திருக்கேன். "பசங்கதான்"னு சொல்லி நாம மூடி வைக்கிறதெல்லாம் அவங்க மனசுல அறுபது வயசு வரைக்கும் கெடக்கும். அந்த பையனுக்கு அம்மா இல்ல, அப்பா உசுரோட இருக்காரான்னு தெரியாது, பீஸ் கட்ட வழியில்ல, அவன்கிட்ட மிச்சம் இருந்தது ரேங்க் ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா என்ன மிச்சம்? மண்டிக்காரர் வீட்டுப் பையனுக்கு ரேங்க் போனா வீடு இருக்கு, பந்தி இருக்கு.

ஆனா என் கோவம் அந்தப் பையன் மேல இல்ல, ரேங்க் போர்டு மேலதான். யுத்தம், பஞ்சம், பர்மா அரிசி நின்னுபோச்சு, கேவுருக் கூழும் கம்பு சோறும் போட்டு வளத்த பசங்க, மண்ணெண்ணெய் இல்லாம ஒரு அரிக்கேன் வெளக்க சுத்தி எட்டு பேர் ஒக்காந்து படிக்கிறாங்க, அந்த நேரத்துலயும் எவன் மொதல், எவன் ரெண்டாவதுன்னு சுவத்துல எழுதி ஒட்டணுமா? பெரியவங்க வெளிய சண்ட போட்டுக்கினு இருந்தாங்க, உள்ள இருந்த பெரியவங்க பசங்கள மோத விட்டாங்க.

அப்பறம், பீஸ் கட்ட முடியாத சைகோன் பசங்கள ஹாஸ்டல்ல எப்படி நடத்துனாங்க? அத நீங்க எழுதல.

கெடிலக்கரை:

டீச்சர், கேட்டதுக்கு சொல்லிடறேன், ஸ்கூல் பேரு மட்டும் வேணாம். பணம் நின்னு ஒரு வருசம் வரைக்கும் கணக்குல எழுதி வச்சுக்கிட்டாங்க. 1943ல இருந்து அந்த பசங்களுக்கு சாப்பாட்டு ஹால்ல கடைசி பெஞ்ச். மத்தவங்க சாப்ட்டு முடிச்சப்பறம் மிச்சம் இருக்கறத ஊத்துவாங்க. காலையில எல்லாரும் வரிசையா நின்னு தெ கோல் பக்கத்து சின்னமான லொரேன் சிலுவை போட்ட கொடிக்கு சல்யூட் அடிச்சு பிரெஞ்சு தேசிய கீதம் மார்செய்யேஸ் பாடணும், சுதந்திரம் சுதந்திரம்னு. பாடி முடிச்சு உள்ள போனா கடைசி பெஞ்ச். தாத்தா இத சொல்றப்ப கொரல் ஒசத்தவே மாட்டாரு, எனக்குத்தான் ஒடம்பெல்லாம் எரியும்.

இப்ப மிச்சத்தையும் சொல்றேன். அந்த பரிட்சைக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 1942 ஏப்ரல், ஜப்பான்காரன் குண்டு போட வந்த நேரம். அஞ்சாம் தேதி ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புல குண்டு. ஆறாம் தேதி விசாகப்பட்டணம், காக்கிநாடா. ஒம்பதாம் தேதி திரிகோணமலை. மெட்ராஸ் காலி ஆவுது, ஹைகோர்ட்டயே கோயமுத்தூருக்கு மாத்துனாங்க. கடற்கரை ஊருங்க எல்லாம் நடுங்குச்சு. ஹாஸ்டல மூடி பசங்கள வீட்டுக்கு அனுப்புனாங்க. தாத்தாவோட ஆயாவுக்கு அப்ப படுத்த படுக்கை, பாகூர்ல பாத்துக்க ஆளில்ல. ஓ.டி. பையன் யாரையும் கேக்காம தாத்தா பொட்டிய தூக்கி தன்னோட பொட்டி மேல வச்சு கயிறு போட்டு கட்டிட்டாரு. அவ்ளோதான். பின்னாடி கரி அடுப்பு வச்ச கேஸ் பஸ், பெட்ரோல் தட்டுப்பாட்டுல அப்ப அதுதான் ஓடுச்சு, கண்டக்டர் கீழ எறங்கி கைப்பிடிய சுத்துனாத்தான் கெளம்பும், அதுல கடலூர் போயி, அங்கிருந்து குடும்பத்தோட பண்ருட்டில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. பலாப்பழ சீசன் ஆரம்பம். ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுத்து, ஒரு பலாச்சுளைய எவன் சீக்கிரம் முழுங்கறான்னு அதுக்கும் போட்டி.

பரிட்சைக்கு அப்பறம் நடந்தது இது. மொத எடம் எடுத்த ஓ.டி. பையன் லீவுக்குப் போயிட்டு திரும்பி வந்தப்ப கூலியாள் தலையில ஒரு மூட்ட மல்லாட்டை வந்து எறங்குச்சு. கடைசி பெஞ்சுக்குன்னு சொல்லித்தான் எறக்குனாங்க. தினம் சாயந்தரம் அவிச்சு அந்த பெஞ்சுக்கு மட்டும். அதுலயும் அவரு வந்து அதே பெஞ்சுல ஒக்காந்து சாப்புடுவாராம், தாத்தாவோட பேசாமயே. அகராதி பாதியையும் தாத்தா தலகாணிக்குக் கீழ வச்சுட்டாரு. மன்னிப்புன்னு ஒரு வார்த்த கெடையாது.

வில்லியனூர் வாசி:

மூட்டைய பத்தி ஒரு விசயம். எங்க பாட்டனும் மல்லாட்டை ஏவாரம்தான், அதனால சொல்றேன். தென்னாற்காடு மல்லாட்டை பெரும்பாலும் பாண்டி, கடலூர் துறைமுகம் வழியா கப்பல் ஏறி பிரான்ஸ் மார்செய்க்குப் போனது, அங்க எண்ணெய் ஆட்டுவாங்க. 1940ல பிரான்ஸ் விழுந்த அன்னிக்கே அந்த ஏவாரம் படுத்துடுச்சு. மண்டிங்கள்ல வாங்க ஆளில்லாம குமிஞ்சு கெடந்துச்சு. அதனால மண்டி வீட்டுப் பையன் ஒரு மூட்ட குடுத்தாருன்னா அத பெரிய தியாகம்னு எடுத்துக்கக் கூடாது. மனசு உறுத்துச்சு, வீட்ல கெடந்தத தூக்கியாந்தாரு. அவ்ளோதான் என் கணிப்பு.

முத்தியால்பேட்டை:

வில்லியனூர், 1940 கணக்க 1944க்கு போடாதீங்க. அப்ப சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் தங்கம், வங்காளத்துல லட்சக்கணக்குல செத்து ஒரு வருசம்தான் ஆவுது. எண்ணெய் வெல எங்க போச்சுன்னு உங்க பாட்டன் சொல்லியிருப்பாரே. அதுவும் ஏவாரம் நொடிச்சுப்போன வீட்ல இருந்து ஒரு முழு மூட்ட வெளிய போவணும்னா அப்பன்கிட்ட கேட்டு அடி வாங்காம போயிருக்காது.

யுத்தம் பாண்டிக்குள்ள பசங்கள கொண்டாந்து சேத்ததும் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். அரவிந்தர் ஆசிரம ஸ்கூல் 1943 டிசம்பர் 2ல ஆரம்பிச்சதே அப்படித்தான். அதுவரைக்கும் ஆசிரமத்துல புள்ளைங்களுக்கு எடமே கெடையாது, ஜப்பான் பயத்துல வங்காளம் அது இதுன்னு பக்தருங்க குடும்பத்தோட வந்து எறங்கிட்டாங்க, புள்ளைங்கள என்ன பண்றதுன்னு ஒரு இருபது பேர வச்சு ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் அப்பா அம்மாவோட தப்பிச்சு வந்த புள்ளைங்க, நாலு தெரு தள்ளி அப்பன் எங்கன்னே தெரியாத சைகோன் புள்ளைங்க. ஒரே ஊரு.

வடமராட்சியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இப்ப பாண்டியிலதான் இருக்கிறன், முதல்ல கீழ்புத்துப்பட்டு முகாமில இருந்தனாங்கள். இந்த இழைய வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சுது.

90க்குப் பிறகு எங்கட பக்கம் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. நான் ஹொஸ்டல்ல இருந்து ஓ.எல். சோதினைக்குப் படிச்சனான். ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால திரி. அந்த வெளிச்சத்தில ரெண்டு பேர்தான் வாசிக்கலாம், மூண்டாவது ஆளுக்கு எழுத்து தெரியாது. அந்த ரெண்டாவது ஆள் எனக்கு எப்பவும் ஒரே ஆள்தான், கணக்கில எனக்குப் போட்டியானவன். ஏன் அவனோட இருந்தனான்? அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் எண்டு பாக்க. அவனும் அதுக்குத்தான். பொம்பர் வந்தால் ரெண்டு பேரும் ஒரே பங்கருக்குள்ள, வெளியில வந்தால் திருப்பி அதே கணக்கு.

டீச்சர் ரேங்க் போர்டைக் கழட்டச் சொல்லுறா. அம்மா, எங்களுக்கு அந்த நேரம் நாளைக்கு வீடு இருக்குமோ தெரியாது, அப்பா ரவுணில இருந்து திரும்பி வருவாரோ தெரியாது, சோதினை நடக்குமோ அதுவும் தெரியாது. நாங்கள் பாடுபட்டால் மாறக்கூடிய ஒரு விசயம் இந்த உலகத்தில இருந்தது எண்டால் அது எங்கட மாக்ஸ் மட்டும்தான். அதை எங்களிட்ட இருந்து எடுத்திருந்தால் நாங்கள் இடிஞ்சு போயிருப்பம். அந்த மாக்ஸ் எவ்வளவு பெரிசு எண்டு விளங்கின ஒரே ஆள் போட்டிக்காரன்தான். வீட்டுக்காரருக்கு நாங்கள் உயிரோட இருந்தால் போதும். அவனுக்குத்தான் நான் 92 எடுத்தனானோ 94 எடுத்தனானோ எண்டது முக்கியம்.

ஓ.டி. ஐயா ஒளிச்சது பிழைதான். ஆனா கடைசி பெஞ்சில இருக்கிறவன் எண்டு இரக்கப்பட்டு முதலிடத்தை விட்டுக் குடுத்திருந்தால் அது இன்னும் பெரிய பிழை.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

வடமராட்சியான் தம்பி, உங்க பதிவ ரெண்டு மூணு தடவ படிச்சேன். உங்க கடைசி வரி எனக்கு முழுசா சரின்னு படுது. இரக்கப்பட்டு விட்டுக் குடுக்கறது பசங்களுக்குள்ள பெரிய அவமானம், அத கிளாஸ்ல நேர்லயே பாத்திருக்கேன், ஜெயிச்ச பையன்தான் அழுவான். ஆனாலும் போட்டி இருந்துச்சு, அதனால தாங்குனாங்கன்னு பெரியவங்க அத சாக்கா எடுத்துக்கக் கூடாதுங்கறதுல நான் மாற மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே போத்தல் வெளக்குல ஒக்காந்தது நீங்களா எடுத்த முடிவு. கடைசி பெஞ்ச் அப்படி இல்ல. அந்த வித்தியாசத்த விட்டுடாதீங்க.

கெடிலக்கரை, ஓ.டி. தாத்தாகிட்ட நேரா கேட்டீங்களா ஏன் ஒளிச்சாருன்னு?

கெடிலக்கரை:

கேட்டேன் டீச்சர். தாத்தா போனப்பறம் ஓ.டி.ல அவரு வீட்டுக்குப் போயிருந்தப்ப கேட்டேன். மூடி மறைக்கல. "ஒளிச்சேன், ஜெயிக்கணும்னு ஒளிச்சேன், உங்க தாத்தன் பூகோளத்துல என்ன விட நல்லா எழுதுவான், வேற வழி தெரியல"ன்னாரு. அப்ப மல்லாட்டை மூட்டைன்னு கேட்டேன். கோவம் வந்துடுச்சு அவருக்கு. "அது வேற, இது வேற, ரெண்டையும் ஏண்டா முடிச்சு போடுறீங்க"ன்னு. அவங்க வீட்டு ஏவாரம் அப்ப நொடிச்சுப் போயி அவரையே ஸ்கூல விட்டு நிறுத்தறதா பேச்சாம், மொத எடம் வாங்கலன்னா அடுத்த வருசம் மண்டில ஒக்காரு, மூட்ட எண்ணுன்னு அப்பா சொல்லிட்டாராம். இது எங்க தாத்தாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். "அவன்கிட்ட எதுக்கு சொல்லணும், சொன்னா விட்டுக் குடுத்திருப்பான் நாயி"ன்னாரு. வடமராட்சியான் அண்ணே, நீங்க எழுதுனத படிக்கறப்ப எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்துச்சு.

வில்லியனூர் சார், நீங்க சொன்ன மனசு உறுத்தல் இருந்திருக்கலாம், ஆனா அந்த மூட்ட ஒரு தடவையோட நிக்கல, அடுத்த வருச அறுப்புலயும் வந்துச்சு. அதுக்குத்தான் நான் இத நட்புன்னு சொல்றேன், துரோகம்னு சொல்றவங்க மூட்டைய மட்டும் விட்டுட்டு கதைய சொல்றாங்க.

1946ல சைகோன்ல இருந்து லெட்டர் வந்துச்சு, அப்பா எழுதல, கூட வேல பாத்த காரைக்கால்காரர் ஒருத்தர் எழுதுனது. 45லயே கேம்ப்ல காய்ச்சல்ல போயிட்டாருன்னு. தாத்தா லெட்டர பிரிக்கல, கையெழுத்து வேறன்னு கவர்லயே தெரிஞ்சுபோச்சு. ஓ.டி. பையன்தான் பிரிச்சு படிச்சாரு, படிச்சுட்டு பொய் சொல்லாம அப்படியே சொன்னாரு. அப்பறம் தாத்தா பாண்டில தபால் ஆபீஸ்ல வேலைக்குப் போனாரு, இவரு கடைசில மண்டிலதான் ஒக்காந்தாரு. பொங்கலுக்குப் பொங்கல் ரெண்டு பேரும் பாத்துப்பாங்க, 1944 பூகோளம் பேப்பர் ரெண்டாவது கேள்விக்கு சரியான பதில் என்னன்னு எழுபது வயசுலயும் சண்ட போட்டாங்க, எங்க பாட்டி எழுந்து உள்ள போயிடுவாங்க.

முத்தியால்பேட்டை:

தம்பி, உங்க கொள்ளுத்தாத்தா எந்த கேம்ப், எங்க பொதைச்சாங்கன்னு தெரியுமா? இந்தோசீனா உத்தியோகஸ்தருங்க ரெக்கார்டு நிறைய பிரான்ஸ்ல ஏக்ஸ் ஊர்ல இருக்கற காலனி ஆவணக் காப்பகத்துல இருக்கு, சர்வீஸ் கோப்பு கெடைக்க வாய்ப்பு இருக்கு. இங்க லாஸ்பேட்டைல தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளையில பிரெஞ்சு காலத்து காயிதம் இருக்கு. குடும்பப் பேரு, பொறந்த வருசம், எந்த டிபார்ட்மெண்ட், இந்த மூணையும் எழுதி வச்சுக்கினு தேடுங்க. 1881 சட்டப்படி எழுதிக் குடுத்த குடும்பம்னா அந்த பதிவுலயும் பேரு இருக்கும், எதுக்கும் மொதல்ல அத பாருங்க.

கெடிலக்கரை:

தெரியாது சார், அந்த லெட்டர்ல ஊர் பேரு மட்டும் அழிஞ்சு போயிருக்கு. குடும்பப் பேரும் டிபார்ட்மெண்டும் இருக்கு, பொறந்த வருசத்துக்கு பாகூர் கோயில் ஞானஸ்நானப் பதிவ பாக்கச் சொல்லி அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். கெடைச்சதும் லாஸ்பேட்டைக்குப் போறேன். உங்க பெரியத்த இன்னும் பேசற நெலமைல இருந்தா ஒரு நாள் வீட்டுக்கு வரலாமா?